கொழுந்தா, அடியிலையா?

1904-ஆம் ஆண்டு, அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டன். அங்கே ஒரு கண்ணாடிக் குடிலுக்குள் மாங்கன்று வளர்ந்துகொண்டிருந்தது. அதன் நுனிக்கொழுந்தில் இருந்த ஒரு சிற்றுண்ணியை நேத்தன் பேங்க்ஸ் என்பவர் ஆராய்ந்து பெயர் வைத்தார். பனி பெய்கிற ஊரில் மாங்கன்றை வளர்த்த கதகதப்பான அறை, கூடவே மாமரத்தின் எதிரியையும் போஷித்து வந்திருக்கிறது! இந்த உயிரி நமக்குப் புதிதல்ல. மிளகாய்த் தோட்டத்தில் முரணைச் சிலந்தி என்கிறோமே, அதுதான். தேயிலையிலும் உண்டு. பசுமைக்குடிலில் குடைமிளகாய் போடுகிறவர்களின் தூக்கத்தைக் கெடுப்பதும் அதுவே.

உடல் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. வெறும் கண்ணுக்கு அகப்படாது. செஞ்சிலந்தியைப் போல வலை பின்னிக் காட்டிக்கொடுப்பதும் இல்லை. செஞ்சிலந்திக்கு வறண்ட வெயில் பிடிக்கும். இதற்குப் புழுக்கம் பிடிக்கும். அதனால் பசுமைக்குடில் இதற்குச் சொந்த வீடு மாதிரி. முதிர்ச்சி அடையாத பெண்ணை ஆண் தூக்கிக்கொண்டு புதுத் துளிருக்குப் போகும். வளர்ந்த பெண்ணோ வெள்ளை ஈயின் காலைப் பற்றிக்கொண்டு பக்கத்துச் செடிக்கே பயணம் போய்விடும்.

இது கடிக்கும் நேரத்தில் இலை என்று ஒன்று இன்னும் விரியவே இல்லை என்பதுதான் விசித்திரம். குருத்துக்குள் மடிந்து கிடக்கும் இளம் திசுவில் வாயை வைத்துச் சாறு உறிஞ்சுகிறது. எச்சிலில் உள்ள நச்சு வளர்ச்சியைக் குலைக்கிறது. அந்த இலை பிறகு விரியும்போது ஓரங்கள் கீழ்நோக்கிச் சுருண்டு, கவிழ்த்த ஓடம் போல வருகிறது, காம்பு நீளுகிறது, அடிப்பக்கம் வெண்கல நிறம் ஏறுகிறது. இலைப்பேன் தாக்கிய மிளகாய் இலை இதற்கு நேர்மாறாக மேல்நோக்கிச் சுருளும். இந்த ஒரு வேறுபாடு தெரியாமல் வீணான மருந்துக்குக் கணக்கே இல்லை. சிற்றுண்ணி பூச்சி அல்ல, எட்டுக் கால் உள்ள சிலந்தி இனம். சாதாரணப் பூச்சிமருந்து பலவும் அதை ஒன்றும் செய்யாது. அதைத் தின்று வாழும் நல்ல சிற்றுண்ணிகளைத்தான் கொல்லும். அந்த நல்லவற்றில் ஒன்றான ஆம்ப்ளிசீயஸ் ஸ்விர்ஸ்கீயை வளர்த்து, காசுக்கு விற்று, பல நாடுகளின் பசுமைக்குடில்களில் விடுகிறார்கள்.

சுருளல் இப்படி என்றால், மஞ்சள் இன்னும் கள்ளத்தனமானது. என்ன மஞ்சள் என்று கேட்பதற்கு முன் எந்த இலை மஞ்சள் என்று கேட்க வேண்டும்.

பச்சையத்தின் ஒவ்வொரு மூலக்கூறின் நடுவிலும் ஒரு மெக்னீசிய அணு உட்கார்ந்திருக்கிறது, அதைச் சுற்றி நான்கு நைட்ரஜன் அணுக்கள். இவை குறைந்துபோனால் செடி கிழட்டு இலையின் பச்சையத்தைக் கலைத்து, கிடைத்ததைக் கொழுந்துக்கு அனுப்பிவிடுகிறது. ஆகவே அடியிலைதான் முதலில் வெளுக்கும். இலை முழுதும் ஒரே சீராக வெளுத்தால் பெரும்பாலும் நைட்ரஜன். நரம்பு பச்சையாக நின்று, இடைவெளி மட்டும் மஞ்சளானால் மெக்னீசியம். ஓரம் மஞ்சளாகிக் கருகினால் சாம்பல்சத்து.

இரும்பு அப்படிப் பெயர்ந்து வராது. ஓர் இலையில் போய்ச் சேர்ந்தால் அங்கேயே தங்கிவிடும். பச்சையத்துக்குள் இரும்பு கிடையாது, ஆனால் இரும்பு இல்லாமல் செடியால் பச்சையம் செய்ய முடியாது. தட்டுப்பாடு வந்தால் அடியிலை கரும்பச்சையாகவே இருக்க, கொழுந்து மட்டும் பச்சை நரம்புகளோடு வெளுத்து நிற்கும். மெக்னீசியத்தின் அதே கோலம்தான், உச்சியில்! 1840-களில் பிரான்சில் யூசேப் கிரிஸ் இரும்பு உப்புக் கரைசலை வெளுத்த இலைமேல் தடவிப் பார்த்தார், பச்சை திரும்பியது. நம் ஊரில் மண்ணில் இரும்பு இல்லாமல் இது வருவது அபூர்வம். உப்பும் சுண்ணாம்பும் கலந்த போர் தண்ணீரைச் சொட்டுநீரில் விட்டதில் வேர்ப்பக்கம் காரமாகிப்போக, இருக்கிற இரும்பை வேரால் எடுக்க முடியாமல் போவதே வழக்கம். செடி வளரும் தேங்காய் நார்க்கழிவு எந்நேரமும் சொதசொதவென்று இருந்தாலும் இதே கதிதான். மூச்சு முட்டும் வேருக்கு உரம் எதற்கு?

கால்சியத்தின் கதையில்தான் பசுமைக்குடிலே குற்றவாளி. கால்சியமும் பழைய இலையிலிருந்து திரும்பி வராது. வேரிலிருந்து ஏறும் தண்ணீரோடு மட்டுமே போகும். தண்ணீரை மேலே இழுப்பது இலையிலிருந்து ஆவி போவது. கதவு, ஜன்னல் எல்லாம் அடைத்து, காற்று அசையாமல், ஈரம் நிறைந்த குடிலுக்குள் ஆவி எப்படிப் போகும்? விரிந்த இலையாவது கொஞ்சம் இழுத்துக்கொள்கிறது. மடிந்த குருத்துக்கு எதுவும் வந்து சேர்வதில்லை. குருத்தின் ஓரத் திசு செத்துவிடுகிறது, நடுப்பகுதி வளர்கிறது. இலை நுனி கருகி, சுருங்கி, கோணலாக வெளியே வரும். மண் பரிசோதனை அறிக்கையோ கால்சியம் தாராளம் என்று சொல்லும். இதற்கு மருந்து உரக்கடையில் இல்லை. ஒரு மின்விசிறியை மாட்டி, காற்றைக் குருத்தின் மேல் ஓடவிட்டால் போதும்.

பச்சையும் மஞ்சளும் திட்டுத்திட்டாகக் கலந்து, ஒழுங்கில்லாமல் நெளிந்த இலை வந்தால் அது வைரஸாக இருக்கலாம். அதற்கு மருந்தில்லை, உறுதியானதும் செடியைப் பிடுங்கி எரித்துவிடுவதே நல்லது.

ஒன்றை மறக்க வேண்டாம். கோணலாகிப்போன இலை எந்த வைத்தியத்துக்கும் நிமிராது. சிற்றுண்ணி ஒழிந்த பிறகும் சில வாரங்களுக்குச் சுருண்ட இலை வந்துகொண்டேதான் இருக்கும். அவை முன்பே குருத்தில் கெட்டவை. மருந்து வேலை செய்யவில்லை என்று பதறி மேலும் மேலும் அடிக்காதீர்கள். அடுத்து உருவாகும் துளிரைப் பாருங்கள்.

வேளாண் அலுவலரிடமோ உரக்கடைக்கோ போவதென்றால், ஓர் அடியிலையையும் ஒரு கொழுந்தையும் தனித்தனிக் கவரில் இறுகக் கட்டி எடுத்துப்போங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸால் கொழுந்தின் அடிப்பக்கத்தை முதலில் நீங்களே பார்த்துவிடுங்கள். “இலை மஞ்சளாகுது” என்று மட்டும் சொன்னால் யூரியாதான் கிடைக்கும்.