மண்ணின்றி வளரும் பசுந்தீவனம்

பயிர் வளர்வதற்கு மண் இன்றியமையாதது என்றே நாம் தொன்றுதொட்டு எண்ணி வந்திருக்கிறோம். ஆராய்ந்து பார்த்தால், செடிக்கு வேண்டுவன நீர், காற்று, வெளிச்சம், நீரில் கரைந்த சில உப்புக்கள் ஆகியவையே. மண்ணானது வேரைத் தாங்கி நிற்பதுடன், அவ்வுப்புக்களைச் சேமித்து வைக்கும் களஞ்சியமாகவும் விளங்குகிறது. 1860-ஆம் ஆண்டையொட்டி ஜெர்மானிய விஞ்ஞானி சாக்ஸ் என்பவர் செடிகளை நீரிலேயே வளர்த்து இவ்வுண்மையை நிலைநாட்டினார். கலிபோர்னியாவில் கெரிக்கி என்பவர் 1929 முதல் தக்காளி முதலியவற்றை இம்முறையில் விளைவித்துக் காட்டினார். நம் நாட்டில் ஷால்டோ டக்ளஸ் என்பவர் 1946-இல் காலிம்பொங்கில் ஆராய்ச்சி நடத்தி, எளிய தொட்டிகளில் பயிர் செய்யும் வழியை வகுத்தார்.

இம்முறை இன்று நம் கிராமங்களில் கால்நடைத் தீவனத்திற்குப் பயன்படுகிறது. திருப்பூர் வட்டாரத்தில் பனியன் தொழிலுக்குச் செல்லும் குடும்பங்களிலும் கறவை மாடும் ஆடும் வைத்திருப்போர் பலர். காங்கயம் பகுதியில், கிளுவை வேலியும் வெள்வேல மரமும் கொழுக்கட்டைப் புல்லும் கொண்ட கொரங்காடுகளே கால்நடைகளைக் காத்து வருகின்றன. கோடையில் அப்புல் காய்ந்துவிடும்போது, பசுந்தீவனத்திற்கு என் செய்வது?

வளர்க்கும் முறை

மருந்து கலவாத நல்ல மக்காச்சோளத்தைக் கழுவி ஒரு நாள் ஊற வைக்க வேண்டும். விதைக்கென விற்கப்படும் சோளத்தில் பூஞ்சணக் கொல்லி மருந்து பூசப்பட்டிருக்கும். அது கால்நடைக்கு நஞ்சாகும். ஊறிய தானியத்தை ஈரச் சாக்கில் கட்டி வைத்தால் மறுநாள் முளை காணும். அதை அடியில் துளையுள்ள தட்டுக்களில் மெல்லியதாகப் பரப்பி, நிழலில் வைத்து, நாள்தோறும் பலமுறை நீர் தெளித்து வரவேண்டும். 7 அல்லது 8 நாட்களில் வேர்கள் பின்னிப் பாய்போல் ஆகிவிடும். அதன்மேல் பயிர் ஏறத்தாழ ஒரு சாண் உயரம் நிற்கும். வேரோடும் தழையோடும் அப்படியே மாட்டுக்கு இடலாம். விதையிலுள்ள உணவே முளைக்குப் போதுமாதலால், இக்குறுகிய பயிருக்கு உரம் இடவேண்டியதில்லை. பூஞ்சணம் பிடித்த தட்டை எக்காரணம் கொண்டும் கால்நடைக்கு இடலாகாது.

கணக்கு அறிந்து செய்க

ஒரு கிலோ சோளத்திலிருந்து 5 அல்லது 6 கிலோ தீவனம் கிடைக்கும். இதைக் கண்டு சத்தும் அத்தனை மடங்கு பெருகியதாக மகிழ்தல் தவறு. கூடிய எடை முழுவதும் நீரே. முளை வளரும்போது விதையிலுள்ள மாச்சத்தின் ஒரு பகுதி செலவாகிவிடுவதால், உலர்ந்த நிலையில் எடை பார்த்தால் இட்ட தானியத்தைவிடச் சற்றுக் குறைந்தே இருக்கும். உயிர்ச்சத்து மிகுவதும், எளிதில் செரிப்பதும், கோடையிலும் பசுமை கிடைப்பதுமே இதன் ஆதாயம். ஆகவே இதைச் சோளத்தட்டு, வைக்கோல் முதலியவற்றுக்குத் துணையாகவே கொள்ளவேண்டும். கடன் பட்டு விலையுயர்ந்த இயந்திரம் வாங்குவதற்கு முன்பு, நிழற்பந்தலின் கீழ் நான்கு தட்டுக்களில் செய்து பார்ப்பதே அறிவுடைமை.

நீரே நிலம்

மண்ணில்லாப் பயிருக்கு நீரே நிலமாகும். சாயக் கழிவினால் நொய்யல் ஆறும், ஒரத்துப்பாளையம் அணையும், அவற்றையொட்டிய பல கிணறுகளும் உப்பேறியதை இவ்வட்டார மக்கள் மறக்கமாட்டார்கள். கழிவு நீரைச் சிறிதும் வெளியே விடாத நிலையை எய்தாத சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் ஆணையிட்டது. ஆனால் மண்ணிலும் நிலத்தடி நீரிலும் ஏறிய உப்பு உடனே நீங்குவதன்று. உப்பிலிட்ட மாவடு தன் நீரை இழந்து சுருங்குவதை நாம் அறிவோம். அதுபோலவே உப்பு மிகுந்த நீரை வேர் உறிஞ்ச இயலாது, முளை வாடும்.

எனவே கிணற்று நீரை முதலில் வேளாண்மைத் துறையின் பரிசோதனை நிலையத்தில் சோதித்தறிக. வீட்டிலேயே ஒரு சோதனையும் செய்யலாம். ஒரு பிடி சோளத்தை மழை நீரிலும், மற்றொரு பிடியைக் கிணற்று நீரிலும் முளைக்க வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒன்றுபோல் வளர்ந்தால் துணிந்து தொடங்கலாம். கிணற்று நீரில் முளை பின்தங்கினால், கூரையில் விழும் மழை நீரைத் தொட்டியில் சேர்த்த பின்னரே இம்முயற்சியில் இறங்குங்கள்.