ஃபோகஸைக் கேமராவிடமே விட்டுவிடலாமா?

உங்கள் லென்ஸின் பக்கவாட்டில் 'ஏஎஃப்', 'எம்எஃப்' என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். சில லென்ஸ்களில் இருக்காது; அப்போது கேமரா மெனுவில் தேடுங்கள். ஏஎஃப் என்பது ஆட்டோ ஃபோகஸ் (கேமராவே தெளிவைச் சரிசெய்வது). எம்எஃப் என்பது மேனுவல் ஃபோகஸ் (லென்ஸ் வளையத்தைத் திருப்பி நாமே சரிசெய்வது).

எதில் வைப்பது? வழக்கமாக ஏஎஃப்பிலேயே இருக்கட்டும். ஓடுகிற குழந்தையையோ பறவையையோ, வளையத்தைத் திருப்பி முடிப்பதற்குள் தவறவிட்டிருப்பீர்கள். கையால் ஃபோகஸ் செய்தால்தான் அசல் புகைப்படக்காரர் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். 1985இல் மினோல்டா 7000 என்ற ஆட்டோ ஃபோகஸ் கேமரா வந்த பின், நிக்கானும் கேனனும் அடுத்தடுத்து அந்த வழிக்கே வந்தன.

அப்படியானால் ஆரத்தித் தட்டு பளிச்சென்றும் மணமக்கள் முகம் மங்கலாகவும் விழுவது ஏன்? எங்கே ஃபோகஸ் செய்வது என்பதையும் கேமராவிடம் விட்டால், அது பெரும்பாலும் அருகில் இருப்பதையே பிடிக்கும். இதற்கு எம்எஃப் தேவையில்லை. ஒற்றைப் புள்ளி ஃபோகஸைத் தேர்ந்தெடுத்து, அந்தப் புள்ளியை முகத்தின் மேல் வையுங்கள். முகத்தை அடையாளம் காணும் வசதி இருந்தால் வேலை இன்னும் சுலபம்.

பிறகு எம்எஃப் எதற்கு? கேமரா தேடுவது வெளிச்சமும் நிழலும் பிரியும் விளிம்புகளை. மூடுபனி, வெறும் சுவர், இருட்டு ஆகியவற்றில் பிடித்துக்கொள்ள விளிம்பு கிடைக்காது; லென்ஸ் முன்னும் பின்னும் அலைந்துகொண்டே இருக்கும். மிருகக்காட்சிசாலையில் புலியை விட்டுவிட்டுக் கம்பியைப் பிடிப்பதும் உண்டு. அப்போது நீங்களே திருப்புங்கள்.

எறும்பு, பூ போன்றவற்றை மிக நெருங்கி எடுக்கும்போது தெளிவாக விழும் பகுதி சில மில்லிமீட்டர்தான். வளையத்தை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, உடம்பை மெல்ல முன்னும் பின்னும் அசைத்து எடுப்பதே நல்லது.

நட்சத்திரங்களுக்கு? வளையத்திலுள்ள முடிவிலிக் குறியை நம்பிவிடாதீர்கள்; பல லென்ஸ்கள் அதைத் தாண்டியும் திரும்பும். திரையில் பிரகாசமான ஒரு நட்சத்திரத்தைப் பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும் வரை திருப்புங்கள்.

'என் கண்ணுக்கே தெளிவு தெரியவில்லையே' என்கிறீர்களா? வியூஃபைண்டர் (கண் வைத்துப் பார்க்கும் துளை) அருகே ஒரு குட்டிச் சக்கரம் இருக்கும். உள்ளே தெரியும் எழுத்துகள் கூர்மையாகும்வரை அதைச் சுழற்றுங்கள். பார்வைக் குறைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளத்தான் அது.

இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவதே எனக்குப் பிடித்த வழி. தேர் திரும்பப்போகும் மூலை தெரியும் என்றால், அந்த இடத்தை ஏஎஃப்பில் ஃபோகஸ் செய்துவிட்டு எம்எஃப்புக்கு மாற்றிவிடுங்கள். தேர் வந்ததும் அழுத்தினால் போதும்.

வளையத்தைத் திருப்பும் முன் சுவிட்சை மாற்றுவது முக்கியம். ஏஎஃப்பில் இருக்கும்போது பலவந்தமாகத் திருப்பினால் சில லென்ஸ்களின் மோட்டார் கெட்டுப்போகும். வேலை முடிந்ததும் மறக்காமல் ஏஎஃப்புக்கே திருப்பிவிடுங்கள். எம்எஃப்பில் படம் மங்கலாக இருந்தாலும் கேமரா தடுக்காது, கிளிக் செய்துகொண்டே போகும்.