பால், ஹாலு, கிலிக்கி



பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில் தமிழும் கன்னடமும் ஒரே கடை வாசலில் கேட்கும். நம் பால் கன்னடத்தில் ஹாலு. பல் ஹல்லு, புலி ஹுலி, பத்து ஹத்து, பூ ஹூவு. பழைய கன்னடத்தில் இவையெல்லாம் பகரத்தில்தான் தொடங்கின. சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய மாற்றம், மெல்ல மெல்லப் பரவி, சொல்லின் முதலில் இருந்த பகரத்தை ஹகரமாக்கியது. யாரும் கூடிப் பேசி எடுத்த முடிவல்ல அது. ஆனாலும் எத்தனை ஒழுங்கு!

இத்தகைய ஒலிமாற்ற ஒழுங்கில் மனம் பறிகொடுத்தவர் ஆங்கில எழுத்தாளர் டோல்கியன். தன் கற்பனை உலகில் ஒரே தாய்மொழியிலிருந்து குவென்யா, சிந்தாரின் என இரு மொழிகளைப் பிரித்து வளர்த்தார். ஒன்றில் அன்னம் 'அல்குவா', மற்றதில் 'அல்ஃப்'. அவர் வகுத்த ஒலி விதிகளின்படி பிறந்த வேறுபாடு இது.

நம்மிடமும் அப்படி ஒரு கற்பனை மொழி பிறந்தது. 2015இல் வெளியான பாகுபலி படத்தில் வரும் காலகேயர் என்ற கூட்டத்தினருக்காகப் பாடலாசிரியர் மதன் கார்க்கி கிலிக்கியை உருவாக்கினார். அதில் 'மின்' என்றால் நான். அதைத் திருப்பிப் போட்ட 'நிம்' என்றால் நீ. ஸ்ரீராம்புரத்துக் காதுக்கு இது கொஞ்சம் பழகிய ஓசை, ஏனென்றால் கன்னடத்தில் 'நிம்ம' என்றால் உங்கள். ஆனால் எழுத்தைத் திருப்பி எதிர்ப்பொருள் காட்டும் வழக்கம் தமிழிலும் இல்லை, கன்னடத்திலும் இல்லை. அது கார்க்கியின் துணிச்சல்.

2020 பிப்ரவரி 21, உலகத் தாய்மொழி நாளன்று, கிலிக்கிக்குத் தனி எழுத்துகளும் வெளியாயின.