நிரலுக்கும் ஒரு தறி வேண்டும்

காஞ்சிபுரத்தை ஒட்டிய ஏனாத்தூரில் கல்வி நிறுவனங்கள் பல உண்டு. அங்கே மாணவர்கள் கணிப்பொறி அறிவியல் படிக்கிறார்கள். சற்றுத் தள்ளிப் பட்டு நகரத்தின் தெருக்களில் தறிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. கணிப்பொறிக்கும் தறிக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். நெருங்கிய சம்பந்தம் உண்டு. பெரிய நிறுவனங்களின் மென்பொருள் ஏன் ஓரிடத்தில் ஒழுங்காக ஓடி, இன்னோரிடத்தில் தகராறு செய்கிறது என்பதைத் தறியைக் கொண்டே எளிதில் விளங்கிக்கொள்ளலாம்.

அட்டையும் தறியும்

பட்டுச் சேலையின் கரையில் மாங்காயும் மயிலும் எப்படி வருகின்றன? தறியின் மேலே ஜக்கார்டு பெட்டி இருக்கிறது. பிரெஞ்சு நாட்டவரான ஜக்கார்டு 1804-ஆம் ஆண்டில் உருவாக்கிய முறை இது. துளையிட்ட அட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பெட்டிக்கு வரும். துளை உள்ள இடத்தில் கொக்கி உயர்ந்து பாவு நூலைத் தூக்கும். துளை இல்லாத இடத்தில் நூல் கீழேயே நிற்கும். இடையே நாடா ஓடி ஊடையை இடும். இப்படி வரிசை வரிசையாக உருவம் எழும்புகிறது.

அட்டைகளின் கோவைதான் நிரல். 19-ஆம் நூற்றாண்டில் சார்லஸ் பாபேஜ் தம் கணக்கு இயந்திரத்துக்குத் துளை அட்டைகளைத் திட்டமிட்டதும் இதைப் பார்த்துத்தான்.

இப்போது ஒரு கேள்வி. 240 கொக்கிப் பெட்டிக்கு வெட்டிய அட்டையை 120 கொக்கிப் பெட்டியில் மாட்டினால் என்ன ஆகும்? பொருந்தவே பொருந்தாது. சரி, கொக்கி எண்ணிக்கை ஒன்றே. ஆனால் கொக்கிகளிலிருந்து நூல்களைக் கட்டிய வரிசை வேறு என்று வைத்துக்கொள்வோம். அட்டை பொருந்தும், தறியும் ஓடும். ஆனால் மயில் மயிலாக இராது! இரண்டாவது தவறே கொடியது. முதலாவது உடனே தெரிந்துவிடும்; இரண்டாவது சில அங்குலம் நெய்த பிறகே கண்ணில் படும். அதற்குள் பட்டும் ஜரிகையும் வீணாகியிருக்கும்.

இயக்கச் சூழல் என்பது என்ன?

சர்வர் என்பது பலருக்கும் ஒரே நேரத்தில் சேவை செய்யும் கணிப்பொறி. வங்கி, ரயில் முன்பதிவு, கூட்டுறவுச் சங்கம் ஆகியவற்றின் நிரல்கள் அதில்தான் ஓடுகின்றன. நிரல் ஓடுவதற்குத் தேவையான எல்லாவற்றையும் சேர்த்து 'இயக்கச் சூழல்' என்கிறோம். இயங்குதளம், நிரல்மொழியை ஓட்டும் பொறி, துணை நிரல்களின் தொகுப்புகள், நினைவக அளவு, எழுத்து முறை, கடிகார அமைப்பு, தரவுத்தளத்தின் முகவரி, கடவுச்சொல் ஆகிய யாவும் இதில் அடங்கும்.

எடுத்துக்காட்டாக ஜாவா மொழியைப் பாருங்கள். எங்கும் ஓடக்கூடிய மொழி என்ற பெயரோடு 1995-இல் அது வெளிவந்தது. ஆனால் 2021-இல் வந்த 17-ஆம் பதிப்புக்கென்று உருமாற்றிய நிரலை, 2014-இல் வந்த 8-ஆம் பதிப்பு உள்ள சர்வரில் ஓட்டிப் பாருங்கள், ஓட மறுத்துவிடும். இது கொக்கி எண்ணிக்கை பொருந்தாத கதை. நல்லவேளையாக உடனே தெரிந்துவிடுகிறது.

'ஏனாத்தூர்' எத்தனை பைட்?

உடனே தெரியாத தவறுகளுக்கு வருவோம். ஏனாத்தூர் என்ற சொல்லில் எத்தனை எழுத்துகள்? ஏ, னா, த், தூ, ர் என்று ஐந்து என்பீர்கள். தமிழ் இலக்கணப்படி அது சரி. ஆனால் யூனிகோடு முறையில் துணைக்கால், புள்ளி, ஊகாரக் குறி ஆகியவற்றுக்குத் தனித்தனிக் குறியீடுகள் உண்டு. அவற்றையும் எண்ணினால் 9 குறியீடுகள். இவற்றை யூ.டி.எஃப்-8 என்னும் முறையில் சேமிக்கும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட் தேவை. ஆக மொத்தம் 27 பைட்!

ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் கூலிக் கணக்கைக் கணிப்பொறியில் ஏற்றுவதாக வைத்துக்கொள்வோம். நிரல் எழுதியவருடைய கணிப்பொறியில் எல்லாம் யூ.டி.எஃப்-8, பெயர்கள் அழகாகத் தெரிகின்றன. சங்கத்தின் சர்வரிலோ ஓர் எழுத்துக்கு ஒரு பைட் என்ற பழைய ஐரோப்பிய முறை அமைந்திருக்கிறது. அங்கே நம் ஐந்தெழுத்து ஊர்ப்பெயர் 27 அர்த்தமற்ற குறிகளாகச் சிதறும். எழுத்து முறை சரியாகவே இருந்தாலும், ஊர்ப்பெயருக்கு 20 பைட் மட்டும் ஒதுக்கியிருந்தால்? சில அமைப்புகள் பதிவை ஏற்க மறுக்கும். சில அமைப்புகளோ ஓசையின்றி வாலை வெட்டிவிடும். 'ஏனாத்த' என்பதோடு ஊர் நின்றுவிடும். ஊர்ப்பெயருக்கு நேர்வது ஆள்பெயருக்கும் நேரலாம். வங்கியில் உள்ள பெயரோடு அது ஒத்துப்போகாவிட்டால், நெய்தவரின் கூலி தடைப்படும். நிரலில் பிழை இல்லை, சூழலில் பிழை.

தமிழுக்கு இந்தத் தொல்லை புதிதன்று. யூனிகோடு பரவுமுன் பல எழுத்து முறைகள் வழங்கின. டாம், டாப் முறைகளை 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்றது; 2010-இல் யூனிகோடு தரமாயிற்று. எனவே பழைய கோப்புகளைத் திறக்கும் சர்வர், அவை எந்த முறையில் எழுதப்பட்டவை என்பதை அறிந்திருக்க வேண்டும்.

கடிகாரம் செய்யும் குழப்பம்

சர்வர்களில் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தையே வைப்பது வழக்கம். நம் இந்திய நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால் இருக்கிறது. ஏப்ரல் 1-ஆம் தேதி அதிகாலை 3 மணிக்கு ஒருவர் இணையம் வழியே சேலை வாங்குகிறார். சர்வரின் கடிகாரத்தில் அப்போது மார்ச் 31, இரவு 9.30. நேர வேறுபாட்டை நிரலுக்குச் சொல்லாவிட்டால் அந்த விற்பனை சென்ற நிதியாண்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். பகலில் எத்தனை முறை சோதித்தாலும் இந்தத் தவறு வெளிப்படாது. நள்ளிரவு முதல் காலை ஐந்தரை மணி வரை நடப்பவற்றில்தான் தேதி மாறும்.

எட்டில் ஒன்று

இதனால் எவ்வளவு நட்டம் வரும் என்கிறீர்களா? அமெரிக்காவின் நைட் கேப்பிட்டல் என்ற பங்கு வணிக நிறுவனத்தின் கதையைக் கேளுங்கள். 2012 ஆகஸ்ட் 1-ஆம் தேதிக்காக, எட்டு சர்வர்களில் புதிய நிரலை ஏற்ற வேண்டியிருந்தது. ஏழில் ஏற்றினார்கள், ஒன்று விடுபட்டுப் போயிற்று. அந்த ஒன்றில், பயன்பாட்டிலிருந்து விலக்கிய பழைய நிரல்பகுதி இன்னும் இருந்தது. புதிய நிரலை இயக்கும் அடையாளக் குறி அங்கே பழையதை எழுப்பிவிட்டது. ஏறக்குறைய 45 நிமிடங்களில் வேண்டாத பங்குகள் மலைபோல் குவிந்தன. நட்டம் 44 கோடி டாலருக்கும் மேல்! மற்ற முதலீட்டாளர்கள் பணம் போட்டு நிறுவனத்தைக் காப்பாற்றினார்கள். அடுத்த ஆண்டே அது வேறொரு நிறுவனத்துடன் இணைந்துவிட்டது. எட்டுத் தறிகளில் ஒன்றில் மட்டும் பழைய அட்டை நின்றுபோனதன் விலை இது.

பரிகாரம் என்ன?

முதலாவது, சூழலை எழுதி வைப்பது. எந்தப் பொறி, எந்தப் பதிப்பு, எந்தத் துணைத் தொகுப்பு என்பதையெல்லாம் ஒரு கோப்பில் எழுதி நிரலோடு சேர்த்தே காக்க வேண்டும். அதைப் படித்துக் கணிப்பொறியே சூழலை அமைத்துக்கொள்ளும்படி செய்வது இன்னும் நல்லது. மனிதக் கை எட்டாவது சர்வரை மறக்கலாம், கோப்பு மறப்பதில்லை.

இரண்டாவது, இடத்துக்கு இடம் மாற வேண்டியதைப் பிரித்து வைப்பது. எழுதும் இடம், சோதிக்கும் இடம், மக்கள் பயன்படுத்தும் இடம் என மூன்று சூழல்கள் வழக்கத்தில் உண்டு. நிரல் மூன்றிலும் ஒன்றே. தரவுத்தள முகவரியும் கடவுச்சொல்லும் மட்டும் வெளியிலிருந்து தரப்படும். கடவுச்சொல்லை நிரலுக்குள்ளேயே எழுதுவது, பூட்டின் மேல் சாவியைக் கட்டித் தொங்கவிடுவது போலாகும்.

மூன்றாவது, நிரலைத் துணைத் தொகுப்புகளுடன் ஒரே பொதியாகக் கட்டி அனுப்புவது. 2013-இல் வெளிவந்த டோக்கர் என்ற கருவி இம்முறையைப் பரவலாக்கியது. அட்டையோடு ஜக்கார்டு பெட்டியையும் சேர்த்து அனுப்புவது போன்றது இது. ஆனாலும் பெட்டியைத் தாங்கும் தறி வேண்டுமல்லவா? இயங்குதளத்தின் கருப்பகுதியும் நினைவகமும் அடியிலுள்ள சர்வருடையவைதாம். ஆகவே அதையும் கவனித்தே தீர வேண்டும்.

மாணவர்களே, நீங்களும் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். உங்கள் ஊர்ப்பெயரைத் தமிழில் மட்டும் ஒரு வெறும் எழுத்துக் கோப்பில் எழுதி, யூ.டி.எஃப்-8 முறையில் சேமியுங்கள். கோப்பின் அளவு எத்தனை பைட் என்று பாருங்கள். குறியீடுகளை எண்ணி மூன்றால் பெருக்கி ஒப்பிடுங்கள். கணக்கு மூன்று பைட் கூடுதலாக வந்தால் வியக்க வேண்டாம். சில மென்பொருள்கள் கோப்பின் தொடக்கத்தில் ஓர் அடையாளக் குறியைத் தாமே சேர்க்கின்றன. அதுவும் சூழலின் வேலைதான்!