தங்கமீன் வளர்ப்பு: வீட்டார் அறிய வேண்டுவன

நூலும் நெல்லும், கடனும் தவணையும் பேசும் இவ்வேட்டில் தங்கமீனுக்கு என்ன இடம் என்று அங்கத்தினர்கள் வினவக்கூடும். காரணத்தை முதற்கண் கூறிவிடுகிறேன்.

சென்ற கோடையில் சங்கப் பணியாக இலத்தூர் சென்றிருந்தபோது, வேலை முடிந்து நெசவாளர் ஒருவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தேன். உள்ளே தறிமேடைக்கு அருகில், மாடத்தில், உருண்டைக் கண்ணாடிக் குடுவை ஒன்றில் சிவந்த தங்கமீன் ஒன்று நீரின் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. அவருடைய மகள் அதன் பக்கத்தை விட்டு அகலாமல் நின்றாள். "இது மூன்றாவது மீன் சார். முதல் இரண்டும் பத்து நாள்கூட இருக்கவில்லை. வீட்டுக்கு வருகிற கண்ணேற்றை மீன் தன்மேல் வாங்கிக்கொண்டு போய்விடும் என்கிறார்கள். போனால் போகட்டும் என்றால் பிள்ளை சாப்பிட மறுக்கிறாள்" என்றார் தந்தை.

"அண்ணாச்சி, தண்ணீரை எப்பொழுது மாற்றுகிறீர்கள்?" என்று கேட்டேன். நான்கு நாளைக்கொருமுறை மீனை ஒரு செம்பில் எடுத்து வைத்துவிட்டு, குடுவையைச் சோப்பிட்டுத் துலக்கி, குழாய் நீரைப் புதிதாக நிரப்புவதாகக் கூறினார். அவருடைய அக்கறையில் குறை ஒன்றுமில்லை. ஆனால் அவர் செய்த ஒவ்வொன்றும் மீனுக்குத் தீங்காகவே முடிந்தது. இவ்வாறு அறியாமல் உயிரிழக்கச் செய்யும் வீடுகள் பல உண்டு என்பதாலேயே இதனை எழுதத் துணிந்தேன்.

மீனின் பிறப்பும் இயல்பும்

தங்கமீன் கெண்டை இனத்தைச் சார்ந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், சீனத்தில் சோங் மரபினர் ஆண்ட காலத்தில், சாம்பல் நிறக் கெண்டையில் அரிதாகத் தோன்றிய பொன்னிறக் குஞ்சுகளைப் பொறுக்கியெடுத்துத் தலைமுறை தலைமுறையாகக் குளங்களில் வளர்த்ததால் உண்டான வகை இது. பின்னர் அகன்ற மண்தொட்டிகளிலும் வளர்க்கலாயினர். 16ஆம் நூற்றாண்டில் ஜப்பானுக்கும் 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கும் சென்றது. நம் மாநிலத்தில் சென்னையின் கொளத்தூர் இத்தகைய வண்ண மீன்களின் வளர்ப்புக்கும் வாணிகத்துக்கும் பெயர் பெற்ற இடமாகும்.

இம்மீன் பத்து நாளில் மடியப் பிறந்ததன்று. நன்கு பேணினால் பத்துப் பதினைந்து ஆண்டுகள் வாழும். இங்கிலாந்தில் 1956இல் ஒரு சிறுவன் சந்தை விளையாட்டில் பரிசாகப் பெற்ற தங்கமீன் 1999 வரை, 43 ஆண்டுகள், ஒரே குடும்பத்தில் வாழ்ந்தது. கடையில் விரல் நீளமே இருப்பினும், வளர்ந்தபின் ஒரு சாணுக்குக் குறையாத நீளமும் பெறவல்லது.

குடுவை ஏன் ஆகாது?

சங்கத்தின் வரவு செலவு போலவே குடுவைக்கும் ஒரு வரவு செலவு உண்டு. வரவு, நீரின் மேற்பரப்பு வழியே காற்றிலிருந்து கரையும் பிராணவாயு. செலவு, மீன் உயிர்ப்பதற்குக் கொள்ளும் பிராணவாயு. உருண்டைக் குடுவையைக் கழுத்துவரை நிரப்பினால், காற்றுப்படும் பரப்பு ஓர் உள்ளங்கை அளவே தேறும். வெயில் ஏற ஏற நிலைமை இன்னும் மோசமாகும். 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீர் ஏறக்குறைய 9 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். 30 டிகிரியில் அது ஏழரை மில்லிகிராமாகக் குறைகிறது. அதே வேளையில் மீனின் தேவையோ வெப்பத்தால் கூடுகிறது. மேற்பரப்பில் வாயைத் திறந்து மூடும் மீன் நம்மிடம் தீனி கேட்கவில்லை, மூச்சுக்குத் திணறுகிறது.

இரண்டாவது கேடு அம்மோனியா. மீன் தன் செவுள் வழியே அம்மோனியாவை இடைவிடாது நீரில் கழிக்கிறது. எஞ்சிய தீனி அழுகுவதாலும் அது பெருகும். இந்நஞ்சு செவுளை அரிக்கும். இதனை ஒழிக்க இயற்கையே ஒரு வழி வகுத்துள்ளது. தொட்டியின் சுவரிலும் கூழாங்கற்களிலும் வடிகட்டியிலும் படியும் ஒருவகை நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், வேறொரு வகை அதனை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரைட்டும் நஞ்சே, நைட்ரேட்டின் தீங்கு மிகச் சிறிது. இந்நுண்ணுயிர்கள் போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். நாம் சோப்பிட்டுத் துலக்குகையில் இவற்றையே அழித்துவிடுகிறோம். குழாய் நீரிலுள்ள குளோரின் எஞ்சியவற்றையும் கொன்று, மீனின் செவுளையும் சுடுகிறது.

ஆகவே, முதல் இரண்டு மீன்களின் முடிவுக்குக் கண்ணேறு காரணமன்று. இத்தாலி நாட்டின் மோன்சா நகரம் 2004இல் உருண்டைக் குடுவையில் மீன் வைப்பதையே தடை செய்தது என்பதையும் இங்குக் குறிப்பிடலாம்.

எவ்வளவு நீர் வேண்டும்?

ஒரு தங்கமீனுக்கு 75 லிட்டர், கூடுதலாகச் சேரும் ஒவ்வொரு மீனுக்கும் 40 லிட்டர் என்று கணக்கிடுவது நலம். மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஒன்றரையடி உயரமுள்ள கண்ணாடித் தொட்டியை விளிம்புக்கு இரண்டு அங்குலம் கீழே நிரப்பினால் 113 லிட்டர் கொள்ளும். அது இரண்டு மீனுக்கு ஏறக்குறையப் போதுமானது. நீர் மட்டுமே 113 கிலோ எடை ஆதலின், சாதாரண மேசைமீது வைத்தல் ஆகாது.

கண்ணாடித் தொட்டி வாங்க இயலாதவர் வருந்த வேண்டுவதில்லை. தங்கமீன் முதலில் வளர்ந்தது குளத்திலும் மண்தொட்டியிலுமே. முற்றத்துக் கல்தொட்டியோ சிமெண்டுத் தொட்டியோ குடுவையைவிடப் பன்மடங்கு மேலானது. காலை வெயில் சிறிது பட்டு, நண்பகலில் நிழல் விழும் இடமாக இருத்தல் வேண்டும். பூனையும் கொக்கும் அணுகாதபடி மேலே வலை கட்டுக. மழையில் தொட்டி நிரம்பி வழிந்து மீன் வெளியேறாமலும் பார்த்துக்கொள்க. புதுச் சிமெண்டுத் தொட்டியில் சுண்ணாம்பின் காரம் நீரில் இறங்கும். சில வாரங்கள் நீர் நிரப்பி, பலமுறை மாற்றிய பின்னரே மீன் விடலாம். செம்பு, பித்தளைப் பாத்திரங்களை மீனுக்கு எக்காரணம் கொண்டும் பயன்படுத்தலாகாது. செம்பு சிறிதளவு கரைந்தாலும் மீனுக்கு நஞ்சு.

நீர் மாற்றும் முறை

வாரத்துக்கொருமுறை கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை நீரை எடுத்துவிட்டு, அந்த அளவே புது நீர் சேர்க்க வேண்டும். முழுவதையும் ஒரே வேளையில் மாற்றுவது கூடாது. குழாய் நீரை வாயகன்ற பிளாஸ்டிக் வாளியில் ஒரு நாள் முழுதும் திறந்து வைத்தால் குளோரின் பெரும்பாலும் நீங்கிவிடும். ஆழ்துளைக் கிணற்று நீரில் பிராணவாயு குறைவாக இருக்கும் ஆதலின், அதனை வாளிக்கு வாளி உயரத்திலிருந்து ஆற்றி, சில மணி நேரம் வைத்திருந்து ஊற்றுவது நன்று. பழைய நீரும் புது நீரும் ஒரே வெப்ப நிலையில் இருக்க வேண்டும்.

வடிகட்டி வைத்திருப்போர் அதன் பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுக, குழாயடியில் அலசற்க. வடிகட்டியை இரவில் நிறுத்துவதும் தவறு. மின்சாரம் நெடுநேரம் தடைப்பட்டால் தீனியை நிறுத்திவிட்டு, ஒரு குவளையால் நீரை அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டிருத்தல் போதிய உதவியாகும்.

தீனி

நாளைக்கு இரண்டு வேளை, இரண்டு நிமிடத்தில் தின்று தீரும் அளவே இடுக. தங்கமீனுக்கு இரைப்பை இல்லை. உண்டது நேரே குடலில் இறங்குவதால் அது எப்பொழுதும் பசித்ததுபோலவே தோன்றும். அத்தோற்றத்தை நம்பி ஏமாறலாகாது. கோயில் தெப்பக்குளத்து மீனுக்குப் பொரி இறைப்பதுபோல், வீட்டுத் தொட்டியில் பொரி, சோறு, பிஸ்கட் முதலியன இடலாகாது. அவை ஊறி அழுகி அம்மோனியாவைப் பெருக்கும். கடைத் தீனியுடன், வேகவைத்துத் தோலுரித்த பச்சைப் பட்டாணியை வாரம் ஒருநாள் மசித்துக் கொடுக்கலாம். வளர்ந்த நல்ல மீன் ஒரு வாரம் தீனியின்றி இருக்கும். திருவிழாவுக்கு வெளியூர் செல்வோர் தொட்டியில் தீனியைக் கொட்டிவிட்டுப் போவதைக் காட்டிலும் ஒன்றும் இடாமல் செல்வதே நன்று.

நெசவாளரும் உழவரும் சிறப்பாகக் கவனிக்க வேண்டுவன

சாயமிடும் வீடுகளில் காஸ்டிக் சோடா, பிளீச்சிங் பவுடர், சாயத்தூள் ஆகியவற்றின் சிதறலும், அவை ஒட்டிய வாளியும் கையும் மீன் தொட்டிக்கு எமனாகும். சாயம் நனைத்த தொட்டியைப் பின்னர் மீனுக்கு ஒதுக்குவதும் கூடாது. உழவர் பூச்சிமருந்து தெளித்துவிட்டு வந்த கையோடு மீனுக்குத் தீனி இடலாகாது. பைரித்ராய்டு வகை மருந்துகள் மிகச் சிறிய அளவிலேயே மீனைக் கொல்லும். கொசுவர்த்திச் சுருளிலும், மின்சாரத்தில் செருகும் கொசுமருந்திலும் இவ்வகையே உள்ளமையால், மீன் இருக்கும் அறையில் அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

நோயும் சிகிச்சையும்

செதில் துடுப்புகளை உடலோடு ஒடுக்கிக்கொள்ளல், அடியில் படுத்தல், தீனியை நாடாமை, துடுப்பில் இரத்தக் கோடு ஆகியவை நோயின் முன்னறிகுறிகள். இவற்றைக் கண்டதும் மருந்துக்கு ஓடாமல், முதலில் மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றுக. பெரும்பாலான நோய்கள் கெட்ட நீரில் தொடங்குகின்றன.

உடலில் உப்புப் பொடி தூவியதுபோல் வெண்புள்ளிகள் தோன்றினால் அது ஓர் ஒட்டுண்ணியின் வேலை. அயோடின் சேராத கல்லுப்பை லிட்டருக்கு 3 கிராம் வீதம் கரைத்தால் பெரும்பாலும் கட்டுப்படும். 113 லிட்டர்த் தொட்டிக்கு ஏறக்குறைய 340 கிராம். இதனை மூன்று பங்காக்கி, மூன்று நாட்களில் கரைத்து ஊற்றி, இரண்டு வாரம் வைத்திருக்க வேண்டும். இடையில் நீர் மாற்றினால், மாற்றிய அளவுக்கு மட்டுமே மீண்டும் உப்பு இடுக. நீர்ச்செடிகள் உப்பைத் தாங்கா, முன்னரே எடுத்துவிடலாம்.

புதிய மீனை இரண்டு மூன்று வாரம் தனித் தொட்டியில் வைத்து நோட்டமிட்ட பின்னரே பழைய மீனுடன் சேர்க்க வேண்டும். வாங்கி வந்த பையைக் கால் மணி நேரம் தொட்டி நீரில் மிதக்கவிட்டு, சிறிது சிறிதாகத் தொட்டி நீரைப் பைக்குள் சேர்த்து, பிறகு மீனை மட்டும் வலையால் எடுத்து விடுக. பை நீரைத் தொட்டியில் கொட்டற்க.

குளத்தில் விடாதீர்கள்

வளர்க்க இயலாதவர் சிலர், புண்ணியம் என்று எண்ணி மீனைக் குளத்திலோ ஆற்றிலோ விடுவதுண்டு. இது ஊருக்குச் செய்யும் தீங்கு. தங்கமீன் சேற்றைக் கிளறி நீரைக் கலக்கும். பிற மீன்களின் முட்டைகளைத் தின்னும். 2021இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துப் பர்ன்ஸ்வில் நகரில், ஏரியில் விடப்பட்ட தங்கமீன்கள் மிகப் பெரிதாக வளர்ந்து நீரைக் கெடுப்பதைக் கண்டு, இனி எவரும் விடலாகாது என்று நகரத்தார் வேண்டிக்கொண்டனர். மேலும், தங்கமீன் கெண்டை இனமாதலால், அதன்மேல் வரும் நங்கூரப்புழுவும் மீன் பேனும் நாம் குளத்தில் வளர்க்கும் கட்லா, ரோகு மீன்களையும் பற்றும். இலத்தூர்க் குளத்தை நம்பி உழவர் இருக்கின்றனர். குற்றால மலையில் பிறந்து தாமிரபரணியில் கலக்கும் சிற்றாற்றிலோ நம் மலைக்கே உரிய மீன்கள் வாழ்கின்றன. ஒரு வீட்டின் இரக்கம் ஊர்ப் பொதுவைக் கெடுக்கலாகாது. வேண்டாத மீனை வளர்க்க விரும்பும் மற்றொருவரிடமோ கடையிலோ ஒப்படைப்பதே முறை. ஐயம் உள்ளவர்கள் மீன்வளத் துறையினரையோ, 1977இல் தொடங்கப்பெற்ற தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியையோ அணுகலாம்.

பின் நிகழ்ந்தது

அன்று மாலையே நெசவாளர் வீட்டுக் கொல்லையில் இருந்த பழைய கழுநீர்த் தொட்டியைத் தேங்காய் நாரால் சோப்பின்றித் தேய்த்துக் கழுவினோம். பசு போனபின் வெறுமனே கிடந்தது அது. இருநூறு லிட்டருக்குக் குறையாமல் கொள்ளும். அண்டை வீட்டுக் கிணற்று நீரை ஆற்றி நிரப்பி, இருட்டும் வேளையில் மீனை மெல்ல விட்டோம். பிழைக்கும் என்று என்னால் உறுதி கூற இயலவில்லை; அதனை அந்தச் சிறுமியிடம் மறைக்கவும் இல்லை.

ஆகஸ்டில், குற்றாலச் சாரல் வீசும் நாளில், மீண்டும் அவ்வீட்டுக்குச் சென்றேன். தொட்டியின் பக்கத்தில் பாசி மெல்லிதாகப் படர்ந்திருந்தது. அதைத் தேய்க்க வேண்டாம் என்று நான் கூறியதை நினைவில் வைத்திருந்தார்கள். மீன் நிழலில் நிதானமாக நீந்திக்கொண்டிருந்தது. சிறுமி ஒரு பழைய கணக்கு நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். நீர் மாற்றிய தேதி, மாற்றிய வாளிகளின் எண்ணிக்கை, தீனி இட்ட வேளை யாவும் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. ஒரு வாரம் மட்டும் விடுபட்டிருந்தது. கேட்டதற்கு, காய்ச்சலில் படுத்திருந்ததாகவும், அவ்வாரம் அப்பா நீர் மாற்றியதாகவும், ஆனால் அவர் எழுத மறந்துவிட்டதாகவும் சொன்னாள்.

அந்த இடத்தில் தந்தையைக் கையெழுத்திடச் செய்துவிட்டுப் புறப்பட்டேன். வீட்டில் மீன் வளர்க்கும் அங்கத்தினர்கள் இத்தகைய ஒரு நோட்டை வைத்துக்கொள்வார்களாக.