விரய நீக்கமும் உழைப்பு நேரமும்: சிறு பிளாஸ்டிக் பட்டறைகளை முன்வைத்துச் சில குறிப்புகள்

சிறு உற்பத்தியாளரின் நலிவுக்கு அவரது திறமைக் குறைவே காரணமென முடித்துவிடுவது முகாமைத்துவ எழுத்துகளில் வழக்கம். அதற்கு மருந்தாக இன்று முன்வைக்கப்படுவது, விரயத்தை நீக்கும் 'லீன்' உற்பத்தி முறையாகும். அம்முறையின் மூலக்கருத்துகளுள் ஒன்று தறியிற் பிறந்ததென்பது மருதமுனை நெசவை அறிந்தோர்க்கு ஆர்வமூட்டக்கூடும். 1924இல் சக்கிச்சி டொயோடா உருவாக்கிய தானியங்கித் தறி, இழை அறுந்ததும் தானே நின்றுவிடும். பழுதான துணி நெய்யப்படாததோடு, ஒருவரே பல தறிகளைக் கவனிக்கவும் முடிந்தது. (இரண்டாவது பயனை ஆலை முதலாளிகள் மறந்தாரல்லர்.) இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், மூலதனப் பற்றாக்குறையின் மத்தியில், தாயிச்சி ஓனோ இக்கருத்தை மோட்டார் வாகன உற்பத்திக்கு விரித்தார். தேவையானபோது தேவையான அளவே உற்பத்தி செய்தல் அதன் சாரம். 'லீன்' என்ற பெயர் 1988இலேயே வழங்கப்பட்டது.

வரிப்பத்தான்சேனை போன்ற நெற்செய்கைக் கிராமமொன்றில் வாளியும் குவளையும் வார்க்கும் சிறு பட்டறை இயங்குவதாகக் கொள்வோம். பிளாஸ்டிக் மணிகள் உருக்கப்பட்டு அச்சினுட் செலுத்தப்படுகின்றன. குளிர்ந்து இறுகியபின் பொருள் வெளிவருகின்றது. இச்சுழற்சியிற் பெரும்பகுதி குளிர்தலிலேயே கழிகின்றது. அச்சின் நீர்வழிகளிற் சுண்ணாம்புப் படிவு அடைத்திருப்பின், தொழிலாளி எத்துணை விரைந்து இயங்கினும் வாளி விரைந்து வாராது. அச்சை மாற்றுவதற்கோ மூன்று மணித்தியாலம் பிடிக்கலாம். அதற்கு அஞ்சும் உரிமையாளர், மாட்டிய அச்சைக் கழற்றாமல் வாளிகளையே வார்த்துக் குவிக்கிறார். கடனுக்கு வாங்கிய மூலப்பொருள் கொட்டிலில் வாளியாக முடங்கிக் கிடக்க, கடைக்காரர் கேட்கும் குவளை கிடைப்பதில்லை.

இவ்விடத்திலேதான் ஷிகேயோ ஷிங்கோவின் வழிமுறை பயன்தருகின்றது. பொறியை நிறுத்திய பின்னரே செய்யக்கூடியவற்றையும், அது ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்யக்கூடியவற்றையும் அவர் பிரித்து நோக்கினார். அடுத்த அச்சைத் துப்புரவு செய்தல், முன்கூட்டியே சூடேற்றல், கருவிகளை எடுத்துவைத்தல் என்பன இரண்டாம் வகையின. 1969இல் டொயோட்டாவின் 1,000 தொன் அழுத்தப்பொறியொன்றில் நான்கு மணித்தியாலம் எடுத்த அச்சுமாற்றம் ஒன்றரை மணித்தியாலமாகவும், பின்னர் மூன்று நிமிடமாகவும் குறைந்தது. இதற்குப் புதிய பொறி வாங்கவேண்டியதில்லை என்பது கவனிக்கற்பாலது.

ஆயின், மீதமான நேரம் யாருக்கு உரியது? இங்கிலாந்தில் 1847ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களதும் இளையோரதும் வேலைநாளைப் பத்து மணித்தியாலமாகக் குறைத்தபின், பொறிகளின் வேகம் கூட்டப்பட்டு, உழைப்பின் இடையிடையே இருந்த சிறு ஓய்வுகளும் நிரப்பப்பட்டதை மார்க்ஸ் 'மூலதனம்' முதற்பாகத்தில் (1867) விளக்குகின்றார். 1972இல் டொயோட்டா ஆலையிற் பருவகாலத் தொழிலாளியாகச் சேர்ந்த எழுத்தாளர் கமாட்டா சத்தோஷி, மறு ஆண்டு வெளியிட்ட நூலிற் பதிவுசெய்ததும் அத்தகைய மூச்சுமுட்டலையே. பொறியின் காத்திருப்பு வேறு. மனிதரின் இளைப்பாறல் வேறு. இரண்டையும் விரயமென ஒரே கணக்கில் எழுதுவதை நாம் ஏற்பதற்கில்லை.

பட்டறையிற் கேட்கவேண்டியவை எளியன. வாளியிற் கீறல் கண்டால் பொறியை நிறுத்தும் அதிகாரம் தொழிலாளிக்கு உண்டா? நின்ற நேரத்துக்குக் கூலி வெட்டப்படுமா? வார்த்த எண்ணிக்கைக்கே கூலி என்ற ஏற்பாடு நிலவுமிடத்து அவர் பொறியை நிறுத்தமாட்டார்; கீறல் விழுந்த வாளியும் நல்ல வாளிகளோடு அடுக்கப்படும்.