2022-ல் கடலில் இறங்கிய மூன்று `மலைகள்'... ஒரே கப்பல் ஏன் நாலு முறை நியூஸில் வருது?

கொடைக்கானல் போய்ட்டு ஏரியில பெடல் போட் ஓட்டாம திரும்பினவங்க ரொம்பக் கம்மி. ரெண்டு பேர் ஏறி உட்கார்ந்ததும் படகு லேசா கீழே அமுங்கும். ஒருத்தர் இறங்கினா மறுபடியும் மேலே வரும். `இதுல என்ன இருக்கு'ன்னு கேட்காதீங்க. 6,670 டன் போர்க்கப்பல் கடல்ல மிதக்குறதும் இதே கணக்குலதான்.

அந்த ஏரியே மனிதர்கள் உருவாக்கினதுதான். 1863-ல் மதுரை கலெக்டராக இருந்த வேரே ஹென்றி லெவிஞ்ச் அதை அமைத்தார். மீன்களை விட்டதோடு, படகுகளைத் தூத்துக்குடியில் இருந்து கொண்டுவந்தார். இன்னைக்கு நாம பஸ்ல வர்ற மலைப்பாதையெல்லாம் இல்லாத காலம் அது. கடற்கரைப் படகு மலை ஏறின கதை அது. இப்போ நாம பார்க்கப்போறது அதுக்குத் தலைகீழ். மலைகள் கடலுக்கு இறங்கின கதை.

2022-ம் வருஷத்தை எடுத்துக்குவோம். அந்த ஒரே வருஷத்துல உதயகிரி, துனகிரி, தாரகிரின்னு மூன்று மலைப் பெயர்களை இந்தியா தண்ணியில இறக்குச்சு. மூணுமே `நீலகிரி' வகைப் போர்க்கப்பல்கள். ஆமாம், நம்ம பழனி மலைக்கு வடக்கே இருக்கிற அதே நீலகிரிதான். இந்த வரிசையில மொத்தம் ஏழு கப்பல்கள். நாலு மும்பை மசகான் டாக்கில், மூணு கொல்கத்தா கார்டன் ரீச் தளத்தில். ஏழுக்குமே மலைகளின் பெயர்தான்.

ஏழாவது கப்பலோட பேர் மகேந்திரகிரி. உடனே `அட, இஸ்ரோ ராக்கெட் இன்ஜினை டெஸ்ட் பண்ற நம்ம ஊரு மகேந்திரகிரியா'ன்னு சந்தோஷப்படாதீங்க. கடற்படை பேர் எடுத்தது ஒடிசாவுல, கிழக்குத் தொடர்ச்சி மலையில இருக்கிற மகேந்திரகிரியில இருந்து. தமிழ்நாட்டு மலைன்னு பார்த்தா இந்த ஏழுல நீலகிரி மட்டும்தான். பழனி மலைக்கு இடம் கிடைக்கலை!

`லான்ச்'னா ரெடின்னு அர்த்தமா?

இங்கேதான் நிறைய பேர் குழம்புறோம். போன் லான்ச் ஆச்சுன்னா அடுத்த வாரம் கடையில கிடைக்கும். கப்பல் லான்ச் ஆச்சுன்னா, அது முதல் முறையா தண்ணியைத் தொட்டிருக்கு. அவ்வளவுதான்.

தாரகிரியை உதாரணமா எடுத்துக்கலாம். முழுசா முடிஞ்ச நிலையில இந்த வகைக் கப்பல் சுமார் 6,670 டன், நீளம் 149 மீட்டர். ஆனா 2022 செப்டம்பர்ல தண்ணியில இறங்கினப்போ தாரகிரியின் எடை சுமார் 3,510 டன்தான். அதாவது பாதிக்குக் கொஞ்சம் மேல. மீதி எடை எங்கேன்னு கேட்டா... மிதந்துக்கிட்டு இருக்கும்போதே ஒவ்வொன்னா ஏத்துவாங்க. ரேடார், ஆயுதங்கள், கிலோமீட்டர் கணக்குல கேபிள், பைப், சமையலறை, மாலுமிகளோட படுக்கைன்னு எல்லாம் அதுல அடக்கம். எரிபொருளும் குடிதண்ணியும்கூட இந்த எடையில சேர்த்திதான்.

ஒரு கப்பலோட வாழ்க்கையில நாலு முக்கியமான நாள்கள் இருக்கு.

முதல் நாள், ஏரா வைக்கிற நாள். ஏரான்னா கப்பலோட முதுகெலும்பு மாதிரி அடியில ஓடுற பாகம். ஆங்கிலத்துல கீல். வீட்டுக்கு வாசக்கால் வைக்கிற மாதிரி, இதுக்கும் ஒரு சடங்கு உண்டு.

ரெண்டாவது, லான்ச். உடல் தயாராகி தண்ணியில இறங்குற நாள். கப்பலுக்குப் பேர் வைக்கிறதும் பெரும்பாலும் அன்னைக்குத்தான். மேலை நாடுகள்ல ஷாம்பெயின் பாட்டில் உடைப்பாங்க. நம்ம கடற்படையில அதர்வ வேத மந்திரம் ஓத, ஒரு பெண்மணி பேர் சூட்டுவாங்க.

மூணாவது, டெலிவரி. கட்டின கம்பெனி, `எல்லாம் சரியா இருக்கு'ன்னு சாவியைக் கொடுக்கிற நாள். இதுக்கு முன்னாடி பல மாசம் கடல்ல ஓட்டிப் பார்ப்பாங்க. இதுக்கு நம்மகிட்ட அழகான வார்த்தை இருக்கு. வெள்ளோட்டம். கோயிலுக்குப் புதுத்தேர் செஞ்சா, திருவிழாவுக்கு முன்னாடி வெறும் தேரை இழுத்துப் பார்ப்பாங்கல்ல, அதேதான். வெள்ளோட்டத்துல பிரேக் பிடிக்குதா, எந்த மூலையில இடிக்குதுன்னு தெரிஞ்சாத்தான் தேரோட்டத்தன்னைக்கு நிம்மதி.

நாலாவது, கமிஷனிங். கடற்படையில அதிகாரபூர்வமா சேருற நாள். இந்த நாள்லதான் பேருக்கு முன்னாடி `ஐ.என்.எஸ்' ஒட்டும். அதுவரைக்கும் ஆவணங்கள்ல அது வெறும் நம்பர்தான். உதயகிரி `யார்டு 12652', தாரகிரி `யார்டு 12653'.

ஒரே கப்பல் நாலு நாள்லயும் நியூஸ்ல வரும். நாலையும் தனித்தனி கப்பலா எண்ணினா, நம்ம கடற்படை ஒரே வருஷத்துல உலகத்திலேயே பெருசாயிடும்!

ராணிக்காகக் காத்திருந்த நாடு... காத்திருக்காத கடல்

தாரகிரி லான்ச்சுல ஒரு சுவாரஸ்யம் நடந்துச்சு. நாள் குறிச்சது 2022 செப்டம்பர் 11. மூணு நாள் முன்னாடி, செப்டம்பர் 8-ம் தேதி பிரிட்டன் ராணி இரண்டாம் எலிசபெத் இறந்துபோனார். இந்திய அரசு துக்கம் அனுசரிக்கத் தேர்ந்தெடுத்த நாளும் அதே செப்டம்பர் 11.

விழாவைத் தள்ளிப்போட முடியுமா? முடியாது. ஏன்னா, இந்தக் கப்பலை இறக்கணும்னா கடல்ல அலை ஏற்றம், அதாவது ஓதம், சரியான அளவுல இருக்கணும். நாள் மாறினா தண்ணி மட்டமும் மாறிடும். அதனால கொண்டாட்டத்தை எல்லாம் குறைச்சுக்கிட்டு, வேலையை மட்டும் முடிச்சாங்க. ஒரு நாட்டோட நிகழ்ச்சி நிரலையே நிலா முடிவு பண்ணின தருணம் அது.

லான்ச்சுல இவ்வளவு ஜாக்கிரதை ஏன் வேணும்? சறுக்குமேடையில இருந்து இறங்கும்போது, பின்பக்கம் தண்ணியில மிதக்க ஆரம்பிச்சிருக்கும். முன்பக்கம் இன்னும் மேடையிலேயே இருக்கும். அந்தச் சில நொடிகள்ல மொத்த உடலும் ஒரு பாலம் மாதிரி ரெண்டு முனையில தாங்கி நிக்கும். ஆற்றங்கரையில இருக்கிற தளம்னா, இறங்குற வேகத்துல எதிர்க்கரையில மோதாம சங்கிலி கட்டி இழுத்துப் பிடிக்கிறதும் உண்டு.

இந்த ரிஸ்க் வேண்டாம்னு நினைக்கிறவங்களுக்கு வேற வழி இருக்கு. பெரிய தொட்டி மாதிரி உலர் தளத்துல கட்டிட்டு, தண்ணியைத் திறந்துவிட்டா கப்பல் தானா மேலே எழும்பும். இன்னொன்னு, `ஷிப் லிஃப்ட்'. கப்பலை ஒரு மேடையில நிறுத்தி, லிஃப்ட்ல இறக்குற மாதிரி மெதுவா தண்ணிக்குள்ள இறக்குவாங்க. இந்த வசதி நம்ம தமிழ்நாட்டுலயே இருக்கு. எங்கே தெரியுமா?

காட்டுப்பள்ளியில் பிறந்தவை

சென்னைக்கு வடக்கே, எண்ணூரைத் தாண்டினா காட்டுப்பள்ளி. இங்கே எல் அண்ட் டி நிறுவனத்தோட கப்பல் கட்டும் தளம் இருக்கு. 2022-ல் மட்டும் இங்கிருந்து மூணு கடற்படைக் கப்பல்கள் தண்ணியைத் தொட்டன.

மே 26-ம் தேதி நிர்தேஷக். நவம்பர் 26-ம் தேதி இக்‌ஷக். ரெண்டும் கடலடியை அளக்கிற சர்வே கப்பல்கள். 110 மீட்டர் நீளம். எங்கே ஆழம், எங்கே பாறைன்னு அளந்து வரைபடம் தயாரிக்கிறது இவற்றோட வேலை. சுருக்கமா சொன்னா, கடலுக்கு மேப் போடுற கப்பல்கள். டிசம்பர் 20-ம் தேதி அர்னாலா. கரைக்குப் பக்கத்துல ஆழம் குறைஞ்ச கடல்ல பதுங்கி வர்ற நீர்மூழ்கிகளைத் தேடிப் பிடிக்கிற கப்பல். 77.6 மீட்டர் நீளம்தான். புரொப்பெல்லருக்குப் பதிலா தண்ணியைப் பீய்ச்சி அடிக்கிற `வாட்டர்ஜெட்'டில் ஓடுது.

இவை எப்போ கடற்படையில சேர்ந்தன? நிர்தேஷக் 2024 டிசம்பர். அர்னாலா 2025 ஜூன். இக்‌ஷக் 2025 நவம்பர். லான்ச்சுல இருந்து ரெண்டரை வருஷம் முதல் மூணு வருஷம் வரைக்கும்.

மும்பையில 2022 மே 17-ம் தேதி உதயகிரியும் சூரத்தும் ஒரே நாள்ல லான்ச் ஆச்சு. சூரத் 2025 ஜனவரி 15-ல் சேர்ந்துச்சு. உதயகிரி, லான்ச்சுல இருந்து 37 மாசத்துல டெலிவரி ஆகி, 2025 ஆகஸ்ட் 26-ல் சேர்ந்துச்சு. இது ரொம்ப லேட்டான்னு தோணலாம். ஆனா, இதே வகையில முதல் கப்பலான நீலகிரி 2019 செப்டம்பர்ல லான்ச் ஆகி, 2025 ஜனவரியிலதான் சேர்ந்துச்சு. அஞ்சு வருஷத்துக்கு மேல! முதல் கப்பல்ல கத்துக்கிட்டதை அடுத்த கப்பல்ல பயன்படுத்துறாங்க. கப்பலைத் துண்டு துண்டா, உள்ளே பைப்பும் வயரும் போட்டே தயார் பண்ணி, அப்புறம் ஒட்டுற முறையும் நேரத்தைக் குறைச்சிருக்கு.

அதே வருஷம் உலகத்துல என்ன நடந்துச்சு?

2022 ஜூன் 17-ம் தேதி சீனா, ஷாங்காயில `ஃபூஜியான்' விமானம்தாங்கிக் கப்பலை லான்ச் பண்ணுச்சு. 80,000 டன்னுக்கு மேல. கடற்படையில சேர்ந்தது 2025 நவம்பர்ல. சீனாவுக்கே மூணு வருஷத்துக்கு மேல ஆச்சு!

அதே டிசம்பர்ல ஃபின்லாந்தின் துர்க்கு நகர்ல `ஐகான் ஆஃப் தி சீஸ்' மிதந்துச்சு. 365 மீட்டர் நீள உல்லாசக் கப்பல். பேர் சூட்டு விழா 2024 ஜனவரியில மியாமியில நடந்துச்சு. விழாவுக்கு வந்தவர் யார் தெரியுமா? லியோனல் மெஸ்ஸி! அதே மாசம் பயணிகளோட கிளம்பிடுச்சு. லான்ச்சுக்கும் முதல் பயணத்துக்கும் நடுவுல ஒரு வருஷம் சொச்சம்தான். ஏவுகணை, சோனார், போர்க்கால ரேடார் எதுவும் இல்லாததால சிவில் கப்பல்களுக்கு இந்த வேகம் சாத்தியம். சரக்குக் கப்பல்னா இன்னும் சீக்கிரம், சில மாசங்களே போதும்.

அப்போ, 2022-ல் நாம கொண்டாடின `விக்ராந்த்'? செப்டம்பர் 2-ம் தேதி கொச்சியில நடந்தது கமிஷனிங். அது லான்ச் ஆனது 2013 ஆகஸ்ட் 12. நடுவுல ஒன்பது வருஷம்.

இதெல்லாம் நமக்கு எதுக்கு?

ரெண்டு காரணம் இருக்கு.

ஒன்னு, வேலை. 1906-ல் வ.உ.சி சுதேசி கப்பல் கம்பெனி ஆரம்பிச்சப்போ, கப்பலை இங்கே கட்ட வழியில்லை. `காலியா', `லாவோ' ரெண்டும் வெளிநாட்டுல வாங்கின கப்பல்கள். சுதந்திரத்துக்கு அப்புறம்தான், 1948 மார்ச் 14-ல் விசாகப்பட்டினத்துல `ஜல உஷா'வை நேரு லான்ச் பண்ணினார். இன்னைக்குப் போர்க்கப்பல்ல நாம நல்லா முன்னேறிட்டோம். ஆனா, வணிகக் கப்பல்ல நிலைமை வேற. உலகத்துல கட்டுற கப்பல்கள்ல எடைக்கணக்குப்படி 90 சதவிகிதத்துக்கு மேல சீனா, தென்கொரியா, ஜப்பான் கையில. நம்ம பங்கு 1 சதவிகிதம்கூட இல்லை.

இதை மாத்தத்தான் 2025 செப்டம்பர்ல மத்திய அரசு 69,725 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்துச்சு. அதே மாசம், தூத்துக்குடியில கப்பல் கட்டும் தளங்கள் அமைக்க கொச்சின் ஷிப்யார்டு, மசகான் டாக் நிறுவனங்களோட தமிழ்நாடு அரசு ஒப்பந்தம் போட்டுச்சு. பழனியிலயோ திண்டுக்கல்லயோ ஐ.டி.ஐ, பாலிடெக்னிக் படிக்கிற ஒருத்தருக்கு இது நேரடியா சம்பந்தப்பட்ட நியூஸ். ஏன்னா, லான்ச்சுக்கு அப்புறம் நடக்கிற அந்த ரெண்டு மூணு வருஷ வேலை இருக்கே... வெல்டர், எலெக்ட்ரீஷியன், பைப் ஃபிட்டர், ஏ.சி மெக்கானிக்னு அத்தனை பேரும் தேவைப்படுறது அதுக்குத்தான்.

ரெண்டாவது, நியூஸைப் படிக்கிற விதம். புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தானா, ஏராவே இன்னும் வைக்கலைன்னு அர்த்தம். அதை நம்பி இன்னைக்கே யாராவது `ஷிப்யார்டுல வேலை கன்ஃபர்ம், பணம் கட்டுங்க'ன்னு சொன்னா, கொஞ்சம் நிதானிங்க. கம்பெனியோட அதிகாரபூர்வ தளத்துல ஆள் எடுக்கிற அறிவிப்பு இருக்கான்னு முதல்ல பாருங்க.

அடுத்த முறை `இந்தியாவின் புதிய போர்க்கப்பல்'னு ஒரு ரீல் வந்தா, ஷேர் பட்டனைத் தொடுறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. தண்ணியைத் தொட்டிருக்கா? வெள்ளோட்டம் முடிஞ்சுதா? பேருக்கு முன்னாடி ஐ.என்.எஸ் சேர்ந்தாச்சா? மூணுக்கும் பதில் தெரிஞ்சா, அந்தக் கப்பலுக்கு அடுத்து என்ன நடக்கும்னு நீங்களே உங்க ஃப்ரெண்ட்ஸுக்குச் சொல்லிடலாம்.